ஜன்னலோர ஜாடியைக் கொட்டிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் அடுத்த வாரம் நன்னீர், கடல், வளிமண்டலம், அவற்றின் மாசுபாடு பற்றிய பாடம் தொடங்குகிறது. அதையொட்டி உங்கள் பிள்ளை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் குளத்து நீர் கொண்டுவருவார். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை செடி உரம் கலந்திருக்கும். வெயில் படும் ஜன்னலோரத்தில் சில வாரங்கள் அவற்றுக்கு இடம் கொடுங்கள்.

உரம் கலந்த நீர் மெல்லப் பச்சையாகும். பாசி பெருகி, மடிந்து, அடியில் படியும். அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்போது நாற்றம் அடிக்கலாம், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இதுவேதான் கோடைதோறும் மெக்சிகோ வளைகுடாவில் நடக்கிறது. அமெரிக்காவின் உள்நாட்டு வயல்களில் பயிர் எடுத்துக்கொள்ளாத உரம் மிசிசிப்பி ஆற்றோடு போய்க் கடலில் சேர, அடிநீரில் மீன்கள் மூச்சுவிட முடியாத பெரும்பரப்பு உருவாகிறது. உரம் போட்ட விவசாயி அந்தக் கடலைப் பார்த்தே இருக்கமாட்டார்.

ஆறு, கடல், காற்று என்று தனித்தனியாக மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், விஷயம் புரியாது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் மழையோடு இறங்கி அதே பாசிக்கு உரமாகின்றன. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது; அது நீரில் கரைந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்பரப்பு நீரின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) இப்போது 8.1 அளவில் இருக்கிறது. “இவ்வளவுதானா?” என்று பிள்ளை கேட்டால், அந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்று சொல்லுங்கள். ஆகவே 0.1 குறைந்ததற்கே கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. பவளங்களும் சிப்பிகளும் ஓடு கட்டத் திணறுவது இதனால்தான்.

பயமுறுத்திப் பாடம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் ஓசோன் கதைக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். அண்டார்டிகாவின் மேலே, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலம் மெலிந்திருப்பது 1985இல் வெளியானது. 1987இலேயே மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட, ஓசோனை அழிக்கும் குளோரோஃப்ளூரோகார்பன்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன; அந்தப் படலம் இப்போது மெதுவாகத் தேறிவருகிறது. காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையில் போடாதீர்கள், பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்று பிள்ளைகள் உங்களையே கண்டித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப்பாடம் நான் கொடுத்ததுதான்.

ஜாடி மூடியை இறுக்கித் திருக வேண்டாம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சோதனை முடிந்ததும் அந்த நீரைச் செடி அடியில் மண்ணில் ஊற்றலாம். உரம் கலந்தது என்பதால் குளத்தில் மட்டும் திருப்பி ஊற்ற வேண்டாம்.

வீட்டில் ஜாடி வைக்க வசதியில்லை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். ஆய்வக ஜன்னலில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்