ஆலை வாசலில் ஊதவைக்கிறார்கள், சரி. இரண்டாவது முறை ஏன் ஊதவைப்பதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை வட்டார ஆலைகளிலும் ஷிப்டு ஏறும் தொழிலாளர் குடித்திருக்கிறாரா என்று பார்க்க, வாசலில் மூச்சு மீட்டரில் ஊதச் சொல்லும் வழக்கம் பரவி வருகிறது. சில இடங்களில் போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையும் சேர்ந்திருக்கிறது. அமிலமும் கரைப்பானும் புழங்கும் இடத்தில் இது அவசியம். ரியாக்டர் வால்வைத் திறப்பவரோ, கிரேன் ஓட்டுபவரோ, டேங்கர் இறக்குபவரோ நிதானத்தில் இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் உத்தரவாதமில்லை.

ஆனால் சோதனை நடக்கும் விதம் கவலை தருகிறது. ஒரே ஒரு தடவை ஊதியதில் வந்த எண்ணை கேட் நோட்டில் எழுதி, ஆளைத் திருப்பி அனுப்பி, மறுநாள் கான்ட்ராக்டரிடம் "அவரை இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. 15 நிமிடம் இடைவெளி விட்டு இரண்டாவது முறை ஊதவைக்காமல் யார் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. இதை ஒவ்வொரு ஆலையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் கருவியைப் பார்ப்போம். விலை குறைந்த மீட்டர்களில் இருப்பது செமிகண்டக்டர் சென்சார். அது மதுவுக்கு மட்டும் அசைவதில்லை; சிகரெட் புகை, பெட்ரோல் ஆவி, அசிட்டோன் எல்லாவற்றுக்கும் அசையும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், பட்டினியாக வருபவர் ஆகியோரின் மூச்சிலேயே அசிட்டோன் இருக்கலாம். டேங்கர்கள் வரிசைகட்டி நிற்கும் வாசலில் அந்த மீட்டரை வைத்து ஒருவரைக் குடிகாரர் என்பது அநியாயம். இரண்டாவது வகை பியூவல் செல். பிளாட்டினம் தகட்டில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அது அளக்கிறது. அசிட்டோனுக்கு ஏமாறாது. வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும்.

அதற்கும் ஒரு குறை உண்டு; நம் ஊர் ஆலைகளுக்கு அது பெரிய குறை. குடித்த சாராயத்தையும், மெத்தனால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பான்களையும் பியூவல் செல் வேறுபடுத்திப் பார்க்காது. ரசாயன, மருந்து ஆலைகளில் இவை டிரம் டிரம்மாகப் புழங்குபவை. கரைப்பான் பிளாக்கில் வேலை பார்த்துவிட்டு வெளியே வருபவரை நேராக ஊதவைத்தால் எண் ஏறலாம். ஆகவே சோதனை வேலைக்கு ஏறும் முன் நடக்க வேண்டும். இடையில் சந்தேகம் வந்து சோதிப்பதானால், அவரைக் காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, கைமுகம் கழுவச் சொல்லி, பிறகு ஊதவைக்க வேண்டும். கை சானிடைசரும் இதே வேலையைச் செய்யும். செக்யூரிட்டி ஊழியர் ஒவ்வொருவருக்கும் நடுவில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு, ஈரம் காயும் முன் மீட்டரைப் பிடித்தால், பச்சைத் தண்ணீர் குடித்து வந்தவருக்கும் எண் காட்டும்.

கேட் நோட்டுகளில் இன்னொரு ஆபத்து, அலகு இல்லாத எண். சில மீட்டர்கள் ஒரு லிட்டர் மூச்சுக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். சில, ரத்தத்தில் இத்தனை சதவீதம் என்று காட்டும். வேறு சில, 100 மில்லி ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு சொல்லும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 1 மில்லி ரத்தத்தில் உள்ள அளவு ஆல்கஹால் 2100 மில்லி மூச்சில் இருக்கும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அதன்படி இந்த வரம்பு மூச்சுக் கணக்கில் 0.14, சதவீதக் கணக்கில் 0.030. இப்போது நோட்டில் "0.10" என்று மட்டும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது மூச்சின் அளவு என்றால் ரத்தத்தில் 21 மில்லிகிராம். சாலையில் வண்டி ஓட்டினால்கூட வழக்குப் போட முடியாத அளவு. சதவீதம் என்று படித்தால் 100 மில்லிகிராம், நல்ல போதை. படிப்பவர் கையில் ஒருவரின் பிழைப்பு. மீட்டரின் மாடல், வரிசை எண், அலகு மூன்றையும் நோட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் எழுதுவது ஒரு நிமிட வேலை.

இனி, இரண்டாவது ஊதல் ஏன்? மீட்டர் அளக்க வேண்டியது நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை. வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹால் அதில் கலந்தால் எண் பல மடங்கு எகிறும். மவுத்வாஷ், சில இருமல் சிரப்புகள், ஹோமியோபதி சொட்டு மருந்து, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் எல்லாம் இந்த வகை. அரிஷ்டத்தில் நொதித்தலால் தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. 15, 30 மில்லி குடித்தால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம், ஆனால் குடித்த கையோடு ஊதினால் மீட்டர் அலறும். வாய் ஆல்கஹால் 15 நிமிடத்தில் போய்விடும். ரத்தத்தில் இருப்பது 15 நிமிடத்தில் பெரிதாகக் குறையாது. அதனால்தான் இடைவெளி விட்டு எடுக்கும் இரண்டாவது அளவு உண்மையைச் சொல்கிறது. "பழைய சோறு சாப்பிட்டேன், அதான் காட்டுது" என்று சொல்பவருக்கும் இதுவே பதில்: வாய் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள், பழைய சோறு காரணமென்றால் மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

செய்முறை சிரமமானதில்லை. முதலில் மீட்டரை வெறும் காற்றில் ஓட்டிப் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழல், அதுவும் அவர் கண்முன்னே உறை பிரித்து. மூச்சை இழுத்து, நிறுத்தாமல் ஐந்து விநாடி போல ஊத வேண்டும். விட்டு விட்டு ஊதினால் மேல்மூச்சுதான் போகும், எண் குறைத்துக் காட்டும். எண் வந்தால், அந்த 15 நிமிடமும் ஒருவர் கூடவே இருக்க, பாக்கு, ஹான்ஸ், சிகரெட், டீ எதுவும் கூடாது. பிறகு மறுபடி வெறும் காற்று, புதிய குழல், இரண்டாவது ஊதல். இரண்டு எண்ணும் நேரத்தோடு எழுதப்பட்டு, ஊதியவர் கையெழுத்தும் சாட்சி கையெழுத்தும் இருக்க வேண்டும். பியூவல் செல் பழசாகப் பழசாக அளவு தவறும். தயாரிப்பாளர் சொன்ன தவணையில், பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அளவுத்திருத்தம் செய்து சான்றிதழை வாசலிலேயே மாட்டலாம். அடிமட்ட எண்களில் எந்த மீட்டருக்கும் சிறு பிழை உண்டு என்பதால், 3, 5 என்று வருவதை வைத்துத் தண்டிப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிகளில் 20 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் "இல்லை" என்றே கணக்கு. நம் ஆலைகளுக்கும் அது பொருத்தமான கோடு என்பது எங்கள் கருத்து.

தொழிலாளர் தரப்பிலும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. "ராத்திரி குடிச்சதுதானே, தூங்கி எழுந்தா போச்சு" என்பது தவறு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ரத்தத்தில் சுமார் 135 மில்லிகிராம் வரை ஏறும். ஈரல் அதை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம்தான் எரிக்கும். ஆக ஒரு குவார்ட்டர் முழுதாக இறங்க 9 மணி நேரம். இரவு 10 மணிக்கு முள்ளோடையில் குடித்துவிட்டுக் காலை 6 மணி ஷிப்டுக்கு வருபவரிடம் இன்னும் 15 இருக்கும். ஈரல் மெதுவாக வேலை செய்பவராக இருந்தால் 50-ஐயும் தாண்டும். ஆஃப் (375 மில்லி) அடித்தவருக்குக் கணக்கு இரட்டிப்புக்கும் சற்று மேல்: காலை 6 மணிக்கு ஏறத்தாழ 160, பூஜ்யம் ஆக அன்று மாலை 5 மணி ஆகிவிடும். "பீர்தான்" என்பவர்களும் கேட்கட்டும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 40 கிராம். இரண்டு பாட்டில் ஒரு குவார்ட்டரைவிட அதிகம். மோர், எலுமிச்சைச் சாறு, பிளாக் காபி, குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காலை ஷிப்டில் மாட்டுபவர்கள் பலர் பொய் சொல்வதில்லை, கணக்குத் தெரியாதவர்கள். இந்த நாலு வரிக் கணக்கை கான்டீன் சுவரில் எழுதிப் போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும்.

மீட்டர் பூஜ்யம் காட்டினால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். தினமும் குடித்துப் பழகியவர் சோதனைக்குப் பயந்து ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சித்தம் கலங்குவதும் உண்டு, அது உயிரையே எடுக்கக் கூடியது. பூஜ்யம் ஊதிவிட்டுக் கை நடுங்க ஏணி ஏறுபவர், 20 ஊதியவரைவிட ஆபத்தில் இருக்கிறார். அவரை ஆலை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், வீட்டுக்கு அல்ல. அதேபோல, சளிக்கு அவில் போட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் கிரேன் ஏறுபவரை எந்த மீட்டரும் காட்டாது. "இன்று என்ன மாத்திரை போட்டீர்கள்?" என்று ஷிப்டு சூப்பர்வைசர் கேட்டால்தான் தெரியும்.

சிறுநீர் அட்டைச் சோதனையில் நடக்கும் பெரிய பிழை, கோட்டைத் தவறாகப் படிப்பது. கர்ப்பச் சோதனை அட்டையில் இரண்டு கோடு என்றால் "உண்டு". போதைப்பொருள் அட்டையில் இரண்டு கோடு என்றால் "இல்லை". இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் "இல்லை" என்றுதான் பொருள். மங்கல் கோட்டைப் பார்த்து "லேசா இருக்கு" என்று எழுதுவது தவறான பதிவு. அட்டையில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 5 நிமிடத்தில், படிக்க வேண்டும். அரை மணி கழித்துப் படிப்பது செல்லாது.

அட்டை காட்டுவதும் சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கு ஓபியம் வகையில் "உண்டு" வரும். நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசாவாலும், 300 நானோகிராம் வரம்பு வைத்த அட்டைகளில் வரலாம். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கா தன் வரம்பை 1998-இல் 300-லிருந்து 2000-க்கு உயர்த்தியது. மூக்கடைப்பு மாத்திரையால் ஆம்பெட்டமைன் வகையில் தவறாகக் காட்டுவதும் உண்டு. மறுபக்கம், தமிழகத்தில் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் டாபென்டடால் வலி மாத்திரை, சாதாரண ஓபியம் அட்டையில் சிக்காது. அதற்குத் தனி அட்டை வேண்டும். கஞ்சா எப்போதோ ஒருமுறை புகைத்தவருக்குச் சில நாளும், தினம் புகைப்பவருக்கு மூன்று நான்கு வாரமும் சிறுநீரில் காட்டும். அது "இப்போது போதையில் இருக்கிறார்" என்பதற்குச் சான்றாகாது. எனவே மாதிரியை எடுக்கும்போதே இரண்டு குப்பியாகப் பிரித்து, அவர் கண்முன் சீல் வைத்து, கையெழுத்து வாங்கி, அட்டை சந்தேகம் காட்டினால் ஜிசி-எம்எஸ் (எந்தப் பொருள் என்று துல்லியமாகப் பிரித்துக் காட்டும் கருவி) வசதியுள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு ஒன்றை அனுப்ப வேண்டும். மற்றது, தொழிலாளர் முடிவை மறுத்தால் மறுசோதனைக்கு. கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் சிறுநீரின் வெப்பம் 32 முதல் 38 டிகிரிக்குள் இருந்தால் கலப்படமோ ஆள்மாற்றமோ இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கதவைத் திறந்துவைத்து நின்று பார்க்கத் தேவையில்லை. பெண் தொழிலாளருக்குப் பெண் செவிலியர்தான் இருக்க வேண்டும். முடிவு ஆலை மருத்துவரிடம் போகட்டும், கேட் நோட்டுக்கு அல்ல.

சட்டம் இரு தரப்பையும் கவனிக்கச் சொல்கிறது. வாய் வாடை, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தியிருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று 1971-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான அளவு இல்லாத வேலைநீக்கம் விசாரணையில் நிற்பது கடினம். தொழிலாளர் குடித்திருந்தார் என்றால் இழப்பீடே கிடையாது என்று சில மேலாளர்கள் சொல்வதும் முழு உண்மையல்ல: போதையே நேரடிக் காரணமான விபத்துக்கு இழப்பீடு தருவதிலிருந்து ஆலைக்கு விலக்கு உண்டு, ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த விலக்கு பொருந்தாது.

சோதனை எல்லாருக்கும் பொது என்பது மிக முக்கியம். கான்ட்ராக்ட் தொழிலாளர் வரிசையில் நின்று ஊத, அலுவலர் கார் கண்ணாடி இறங்காமல் உள்ளே போனால், அந்தச் சோதனையை யாரும் மதிக்கமாட்டார்கள். பாஸ் எண்ணைக் குலுக்கி எடுத்தால் மேலாளர் எண்ணும் அதில் இருக்க வேண்டும். முதல் முறை மாட்டியவருக்குச் சிகிச்சை வழி திறந்திருக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரின் மனநலத் துறையில் போதை மீட்புச் சிகிச்சை கிடைக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். போதைப்பொருள் பழக்கத்துக்கு ஆளானவர் அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால், பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இது பல தொழிலாளருக்குத் தெரியாது. தொழிற்சங்கங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழகத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், புதுச்சேரியின் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகமும் ஒரு பொதுவான செய்முறையைத் தமிழில் வெளியிட்டு, ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். அதில் ஒரு வரி தவறாமல் இடம்பெறட்டும்: சோதனைக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும், இரண்டாவது முறை ஊதிச் சுத்தம் என்று வந்தவரின் அந்த 15 நிமிடத்துக்கும் கூலி உண்டு.

இப்படிக்கு,
தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியிலும் தொழில்சார் மருத்துவத்திலும் உள்ள வாசகர்கள்,
கடலூர் முதுநகர்