மாசடைந்த நிலத்தில் மரம் நடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் வடசென்னையில் மரக்கன்று நடும் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. கொடுங்கையூர், மணலி, எண்ணூர் வட்டாரங்களில் கெட்டுப்போன மண்ணை மரங்களைக் கொண்டே மீட்டுவிடலாம் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஆனால் எந்த நிலத்தில், எந்த மரத்தை, எந்த வேலைக்காக நடுகிறோம் என்று தீர்மானிக்காமல் நடும் கன்றுகளால் செலவுதான் மிஞ்சும். சில இடங்களில் கேடும் கூடும்.

எண்ணெய்க் கழிவு படிந்த மண்ணில், வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அக்கழிவைக் காலப்போக்கில் சிதைக்கின்றன. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களோ தனிமங்கள் என்பதால் எந்த உயிராலும் சிதைக்க முடியாதவை. அவற்றை மண்ணிலிருந்து உறிஞ்சி மேலே எடுக்கலாம், அல்லது இருந்த இடத்திலேயே பரவாமல் கட்டிவைக்கலாம். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் நீலப்பச்சைப் பாலில், உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல் இருப்பது 1976-இல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. அப்படிப்பட்ட மரம் நம் நாற்றங்கால்களில் கிடையாது. எனவே நம்மூர் மரங்களிடம் உலோகத்தை எடுக்கும் வேலையை எதிர்பார்ப்பதைவிட, கட்டிவைக்கும் வேலையை எதிர்பார்ப்பதே நியாயம்.

அந்த வேலையும் சிறியதல்ல. எண்ணூர் வட்டாரத்தில் படிந்து கிடக்கும் அனல்மின் நிலையச் சாம்பலில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலான செடிகள் அதில் வெளிறிப் போய்விடும். சவுக்கும் சீமைக்கருவேலமும் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெற்றுக்கொள்வதால் அங்கும் பிழைக்கின்றன. எண்ணூரை அடுத்த செப்பாக்கம் பக்கம் சாம்பல் படிந்த திடலில் தானாக முளைத்த சீமைக்கருவேலத்தின் அடியைக் குனிந்து பார்த்தால், சருகும் சல்லிவேரும் பின்னிய மெல்லிய பொருக்கு ஒன்று படிந்திருக்கும். இரண்டடி தள்ளிக் கால் வைத்தால் புழுதி முழங்கால் வரை எழும்பும். அந்தப் பொருக்குக்காகத்தான் மரம் வேண்டும் என்கிறேன். கோடைக்காற்றில் வீடுகளுக்குள் வரும் சாம்பலையும், மழையில் கொசஸ்தலை ஆற்றுக்கு அடித்துச் செல்லப்படும் சாம்பலையும் அது குறைக்கும். ஆழத்தில் கெட்டுவிட்ட நிலத்தடி நீரை அது சரிசெய்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

விழா மேடைகளில் யாரும் பேசாத ஒன்று, உதிரும் இலையும் வெட்டிய கட்டையும் எங்கே போகும் என்பது. உலோகம் ஓரளவு இலைக்கும் ஏறும். அந்த இலையை ஆடு தின்னும், சருகைக் கூட்டிக் கொளுத்துவார்கள், கிளையை ஒடித்து அடுப்பெரிப்பார்கள். எரிந்த சாம்பலில் அதே உலோகம் மறுபடியும் மண்ணுக்கு வரும். ஆகவே இத்தகைய நிலங்களில் முருங்கை, கொய்யா, நாவல் போன்று உண்ணக்கூடிய எதையும் நடக்கூடாது. இலவசமாகக் கன்று வழங்குவோர் முதலில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இவைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எண்ணூர் கழிமுகத்தின் நிலை வேறு. அலை வந்து போகும் சேற்று நிலத்தில் படிந்த சாம்பலை அள்ளி அகற்றாமல் அதன்மேலேயே மரம் நட்டால், நீர் பரவ வேண்டிய இடம் நிரந்தரமாக மேடாகிவிடும்; மீனுக்கும் இறாலுக்கும் வலை வீசுவோரின் பிழைப்பு அதோடு போகும். சாம்பலை எடுத்து அலைநீருக்கு வழிவிட்ட பிறகு அலையாத்தி நடலாம். நீரோட்டம் சரியாக இருந்தால் அது தானாகவே முளைத்தும் வரும்.

300 ஏக்கருக்கும் மேல் பரந்த கொடுங்கையூர் குப்பைமேட்டில் பயோமைனிங் முறையில், அதாவது தோண்டிச் சலித்து வகைபிரித்து, பழைய குப்பை அகற்றப்படுகிறது. அழுகும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன், வேருக்கு வேண்டிய ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும் என்பதால், குப்பை கிடக்கும்போதே அதன்மேல் காடு வளர்ப்பதில் பயன் குறைவு. குப்பை எடுக்கப்பட்ட பகுதிகளில் அடிமண்ணைச் சோதித்த பிறகே கன்றுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாநகராட்சியும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் இனி நடவுக்கு அனுமதி தரும்போது, மண் பரிசோதனை முடிவையும் அங்கு ஏன் அந்த மரம் நடப்படுகிறது என்பதையும் நடும் இடத்திலேயே தமிழில் பலகையாக வைக்கச் சொல்ல வேண்டும். முதல் சில கோடைகளுக்குத் தண்ணீர் விடுவது யார், கழிக்கும் கிளைகளை எடுத்துச் செல்வது யார் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.