ஐஸ் கொடுத்த அண்ணாவுக்கு

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் மீன்கடை அண்ணாவுக்கும் அன்று கைகொடுத்த எல்லாருக்கும், அறுவை அரங்கில் வேலை செய்யும் எங்கள் வணக்கம்.

அந்தச் சனிக்கிழமை அக்காவின் இதய அறுவைக்கு நடுவே மின்சாரம் போய், ஐஸ் இயந்திரம் நின்று, நாங்கள் ஐஸுக்கு அலைந்தது ஊருக்கே தெரியும். அவர் நேற்று எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டார். அது போதும்.

அண்ணா, புரட்டாசி என்று கடையைச் சாத்தியிருந்தீர்கள். போன் வந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "கட்டியா, தூளா?" அந்தக் கேள்விக்காகவே இந்த மடல். இதயத்தை நிறுத்திவைக்கும் பொட்டாசியம் கரைசல் 4 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து உள்ளே போக வேண்டும். ஐஸ் வாளியில் சுருண்டு கிடக்கும் குழாய் வழியாக ஓடித்தான் அது குளிர்கிறது. கட்டிகளாகப் போட்டால் இடையில் காற்று நின்றுவிடும், குளிர் குழாயில் ஏறாது. தூளைக் கொட்டி மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டால் குழாயைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் தூளாகவே அள்ளி, வாடை போகப் பெட்டியையும் கழுவிக் கொடுத்தீர்கள். (மீன்கடை ஐஸா என்று முகம் சுளித்தவர்களுக்கு: அது குழாய்க்கு வெளியேதான். ரத்தத்தையும் தொடவில்லை, இதயத்தையும் தொடவில்லை.)

துடிக்காத இதயத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜனே போதும். குளிர்ந்தால் அதிலும் குறையும். ஆனால் சும்மா இருக்காது. சூடு ஏறினாலோ பொட்டாசியம் கழுவிப்போனாலோ ஈசிஜி கோடு நெளியத் தொடங்கும், தசை பட்டினியில் உழைக்கும். அதனால்தான் 20 நிமிடத்துக்கொருமுறை மறுபடி செலுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் உருகிய நீரை இறைத்துவிட்டு உங்கள் ஐஸைத்தான் நிரப்பினோம்.

மயக்க டாக்டருக்கும் நன்றி. நுரையீரல் ஓய்ந்திருக்கும் நேரத்தில் செவோஃப்ளூரேன் என்ற மயக்க ஆவியை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவியான ஆக்சிஜனேட்டரின் வாயுக் குழாயில் இணைக்க மறந்தால், வேறு மருந்தும் ஓடாதபோது, நோயாளிக்கு நினைவு திரும்பிவிடலாம். அவர் மறக்கவில்லை. அந்த ஆவி இதயத்தசையையும் காக்கும் என்பார்கள். ஆனால் 2019இல் வெளிவந்த ஆய்வில், 13 நாடுகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 5,400 பேரிடம், ஆவி மயக்கத்தை ஊசி மயக்க மருந்தோடு ஒப்பிட்டபோது ஓராண்டு உயிரிழப்பில் வேறுபாடு தெரியவில்லை. எங்களைக் கேட்டால் குளிரும் கடிகாரமும்தான் முதல் காவல்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், ஜெனரேட்டருக்கு டீசல் சுமந்த தம்பிமார், கோயிலிலிருந்து சாப்பாடு அனுப்பிய அம்மாமார், எல்லாருக்கும் நன்றி. இனி அறுவை நாளன்று, ஐஸ் இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், இரண்டு மூட்டை தூள் ஐஸ் எடுத்துவைத்த பிறகுதான் கத்தியைத் தொடுவோம்.

பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது, அண்ணா. விரதம் முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து தருகிறோம்.