ராமேஸ்வரத்திலிருந்து ஒரு நன்றி மடல்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011

அன்புடையீர்,

பிப்ரவரி 9-இல் தொடங்கிய வேலை, மார்ச் 5-இல் மறுசுற்றோடு முடிந்தது. படிவங்களை ஒப்படைத்தாயிற்று. மேற்பார்வையாளராக, உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதல் நன்றி, வீடு வீடாகப் போன ஆறு ஆசிரியர்களுக்கு. 2001 கணக்கெடுப்பைப் பிறகு சரிபார்த்தபோது, நாடு முழுக்க ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டிருந்தது தெரிந்தது. அவர்களில் சிலராவது இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியவர்கள்தான். இவர்கள் அதைக் கேட்டார்கள். "நாலு பேர்தான்" என்ற வீட்டில் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை?" என்றார் ஒரு டீச்சர். "இன்னும் பேரே வைக்கலையே!" பேர் இல்லாவிட்டாலும் அது ஐந்தாவது ஆள்.

வயதுதான் பெரும்பாடு. கேட்டால் அறுபது, எழுபது என்று முழு எண்ணாகத்தான் வரும். "எழுபது போட்டுக்கப்பா" என்ற பாட்டியிடம் எங்கள் சார் கேட்டார்: "தனுஷ்கோடி அழிஞ்சப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" ஆகி இரண்டு வருஷமாம். பதினெட்டில் கல்யாணம். புயல் 1964 டிசம்பரில். அப்படியென்றால் இப்போது 66. பொறுமையாக நினைவுபடுத்திச் சொன்ன பாட்டி, உங்களுக்கும் நன்றி.

கடலுக்குப் போகாத நாளில் வரச் சொல்லி, சொன்னபடி வீட்டில் இருந்த மீனவக் குடும்பங்களை மறக்க முடியாது. மார்ச் 1 விடியற்காலை பிறந்த பேத்தியைச் சேர்க்கச் சொன்ன தாத்தாவுக்கும் நன்றி. நள்ளிரவு 12 மணி வரைதான் கணக்கு என்றதும், மனம் கேட்காவிட்டாலும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் அந்த பிப்ரவரி 28 ராத்திரி. வீடற்றவர்களைக் கணக்கெடுக்கும் இரவு. சிவராத்திரிக்கு இரண்டே நாள். கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஆள் படுத்திருக்கிறார்கள். யாத்திரை வந்தவரைச் சேர்த்தால் அவர் சொந்த ஊரிலும் இங்கேயும் இருமுறை ஏறிவிடுவார். இங்கேயே கிடக்கும் சாமியாரை விட்டால் அவர் எங்குமே இல்லை. ஒவ்வொருவரையும் எழுப்பி, "வீடு எங்கே?" என்று கேட்க வேண்டியிருந்தது. இந்தி பேசி உதவிய கடைக்காரர்கள், கூடவே நடந்த காவலர்கள், தூக்கம் கலைந்தும் கோபப்படாமல் பதில் சொன்னவர்கள், அத்தனை பேருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

அன்புடன்,
ஒரு மேற்பார்வையாளர்