அவசரத் தேர்தலுக்கு ஜப்பான் சொன்ன பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் நடந்த ஜப்பான் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி பெரும்பான்மை இழந்தது குறித்த தங்கள் தலையங்கம், 'நிலையற்ற ஆட்சி' என்ற கவலையோடு நின்றுவிட்டது. மக்கள் எதற்காக இப்படி வாக்களித்தார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. இங்கே பல ஆண்டுகளாக வசிக்கிறவன், ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் இந்த நாட்டு அரசியலை விடாமல் கவனிக்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

ஷிகெரு இஷிபா தமது ஐந்தாவது முயற்சியில், 2024 செப்டம்பர் 27 அன்று ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். அந்தப் போட்டியின்போது, எதிர்க்கட்சிகளுடன் நாடாளுமன்றத்தில் விவாதித்து, மக்கள் முடிவெடுக்க வேண்டியதை அவர்கள் முன் வைத்த பிறகே கீழவைக் கலைப்பு என்றுதான் பேசிவந்தார். கட்சிக்கு வெளியேயும் அவருக்கு மரியாதை இருந்ததற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். ஆனால் பிரதமராவதற்கு முந்தைய நாளே தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார். அக்டோபர் 1 அன்று பதவியேற்பு, 9 அன்று கலைப்பு, 27 அன்று வாக்குப்பதிவு. போருக்குப் பின் எந்தப் பிரதமரும் இவ்வளவு சீக்கிரம் கீழவையைக் கலைத்ததில்லை. கட்சித் தலைவர்கள் விவாதம் 80 நிமிடம் நடந்தது. பிரதமரை எதிரே உட்காரவைத்து நாள் கணக்கில் கேள்வி கேட்கக்கூடிய பட்ஜெட் குழு கூட்டப்படவே இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன. நிதி திரட்டும் விருந்துகளுக்கான டிக்கெட்டுகளை விற்க ஒவ்வொரு எம்.பி.க்கும் ஆளுங்கட்சிக்குள் அவர் சார்ந்த கோஷ்டி ஓர் இலக்கு வைத்தது. இலக்கைத் தாண்டி விற்ற பணம் கணக்கில் ஏறாமல் அவர் கைக்கே திரும்பியது. முன்னாள் பிரதமர் அபேயின் பெயரைக் கொண்ட கோஷ்டியில் மட்டும் ஐந்தாண்டுகளில் 60 கோடி யென்னுக்கு மேல் இப்படிக் கணக்கில் வராமல் போயிருக்கிறது. இதில் சிக்கிய சிலருக்குக் கட்சி சீட்டு தர மறுத்தது. ஆனால் அவர்கள் தலைமை வகித்த கிளைகளுக்குத் தலா 2 கோடி யென் போனது, வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு அம்பலமானது. எனக்குத் தெரிந்த பலரும் மனம் மாறியது அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான்.

என்னை மிகவும் வருத்தியது இஷிகாவா மாகாணத்தின் நோட்டோ தீபகற்பம். ஜனவரி 1 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தார்கள். செப்டம்பர் மாதப் பெருமழையில் அந்தக் குடியிருப்புகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வீட்டுக்குள்ளிருந்து சேறு அள்ளிக்கொண்டிருந்த மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டார்கள். வாக்குச்சாவடிகள் குறைக்கப்பட்டன, வாக்களிக்கும் நேரமும் சுருக்கப்பட்டது. முதலில் நிவாரணத்துக்குத் துணை பட்ஜெட், பிறகு தேர்தல் என்று எதிர்க்கட்சிகள் கேட்டது காதில் விழவில்லை. நோட்டோவை உள்ளடக்கிய இஷிகாவா 3ஆம் தொகுதியில் ஆளுங்கட்சி தோற்றது.

மொத்தம் 465 இடங்கள், பெரும்பான்மைக்கு 233 வேண்டும். லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 191, அப்போதைய கூட்டாளிக் கட்சியான கொமெய்தோவுக்கு 24, ஆக 215. தலைவராகி ஒரு மாதமே ஆன கொமெய்தோவின் இஷீ தம் தொகுதியிலேயே தோற்றார். 2009க்குப் பிறகு இந்தக் கூட்டணி கீழவையில் பெரும்பான்மையை இழப்பது இதுவே முதல் முறை. வாக்குப்பதிவு 53.85 சதவீதம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோபப்பட்டவர்களில் பலர் வாக்குச்சாவடிக்கே போகவில்லை, எதிர்க்கட்சிகள் இதை மறக்கக் கூடாது.

தலையங்கத்தோடு நான் முரண்படும் முக்கியமான இடம், கலைக்கும் அதிகாரம். நேரம் பார்த்துக் கலைப்பது பிரதமரின் உரிமை என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஜப்பான் அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 69ஆம் பிரிவு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் என்ன செய்வது என்று சொல்கிறது. 7ஆம் பிரிவு, அமைச்சரவையின் ஆலோசனைப்படி பேரரசர் செய்யும் சடங்குகளை வரிசைப்படுத்துகிறது; கலைப்பும் அதில் ஒன்று. இந்த 7ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் பிரதமர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில் சபையைக் கலைத்துவருகிறார்கள். கட்சிக்குச் சாதகமான வாரத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்த வசதிக்கு வரம்பு வேண்டும். குறைந்தபட்சம், கலைப்பதற்கு முன் பட்ஜெட் குழு கூடியாக வேண்டும் என்றாவது சட்டம் வரட்டும்.

நவம்பர் 11 அன்று பிரதமரைத் தேர்ந்தெடுக்கக் கீழவையில் நடந்த இரண்டாம் சுற்று வாக்கெடுப்பில் இஷிபாவுக்கு 221 வாக்குகள், பிரதான எதிர்க்கட்சித் தலைவர் நோடாவுக்கு 160. இஷிபா மீண்டும் பிரதமரானார். ஆனால் எதிர்க்கட்சிகளைப் பேசி இணங்கவைக்காமல் ஒரு மசோதாவும் கீழவையில் நிறைவேற முடியாத நிலை அப்போது வந்தது. எந்தப் பட்ஜெட் குழுவை அக்டோபரில் கூட்டவில்லையோ, அதன் தலைவர் பொறுப்பு தேர்தலுக்குப் பின் பிரதான எதிர்க்கட்சியின் ஜுன் அசுமி கைக்குப் போனது. இதை நிலையின்மை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழுவில் நோட்டோவுக்கான நிதியும் கட்சிகள் வாங்கும் நிறுவன நன்கொடையும் எப்படி விவாதிக்கப்படுகின்றன என்பதைத் தங்கள் இதழ் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டோக்கியோ