ஏற்காட்டு இறக்கத்தில் எங்களை இறக்கிவிட்டவர்களுக்கு

பெயர் தெரியாத உங்கள் எல்லோருக்கும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வணக்கம்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு, சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, மண்மேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நின்ற கறுப்பு எஸ்யூவி உங்களுக்கு நினைவிருக்கும். அதை ஓட்டி வந்தவன் நான்தான். அன்றைக்கு இருந்த நடுக்கத்தில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதற்கு வீட்டில் இன்றுவரை திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்குத் தையில் கல்யாணம். மார்கழி பிறந்துவிட்டால் பத்திரிகை வைக்கக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். நாகலூர்ச் சொந்தக்காரர் வீடு ஒன்றுதான் பாக்கி இருந்தது. பட்டறையில் கொலுசு ஆர்டர் குவிந்து கிடந்ததால் மத்தியானம்தான் கிளம்ப முடிந்தது. நான், என் மனைவி, அம்மா, தாம்பாளத்தோடு பத்திரிகை.

வண்டி எட்டு மாதத்துக்கு முன் இரண்டாம் கையாக வாங்கியது. உயர்ரக வண்டி, எடை மட்டும் இரண்டே கால் டன். 3,978 மீட்டர் உயரத்து ரோத்தாங் கணவாயில், பனிக்கட்டிச் சுவர்களுக்கு நடுவே இந்த மாதிரி வண்டிகள் போகிற வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்தவன் நான். 1,515 மீட்டர் ஏற்காடு எம்மாத்திரம் என்று இருந்தேன். ஏறும்போது அப்படித்தான் இருந்தது. இருபது வளைவும் வந்ததே தெரியவில்லை. சீட்டுக்குச் சூடு வைக்கும் பொத்தானைத் தட்டி அம்மாவிடம் பெருமை அடித்தேன்.

இறங்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மேகம் ரோட்டிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நான் ஹை பீமைப் போட, எதிரில் வெள்ளைத் துணி கட்டினது போல ஆனது. பயத்தில் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டி, கியரைத் தானே மாற்றிக்கொள்ளட்டும் என்று லீவர் ‘டி’யிலேயே கிடந்தது. பாதி வளைவு இறங்கியிருப்போம், கருகல் வாடை. அடுத்த வளைவில் மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அம்மா ‘சேர்வராயா!’ என்று கத்தியது மட்டும் கேட்டது. மலைப்பக்கம் ஒடித்து மண்ணில் முட்டியதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குட்டி யானை மினிலாரி ஓட்டி வந்த தம்பி, முதலில் உனக்கு. பின்னால் வந்துகொண்டிருந்த நீ நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுக் குதித்து ஓடிவந்தாய். என்ன ஏது என்று கேட்கவில்லை. நாலு கல்லைப் புரட்டி டயருக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் என் முகத்தையே பார்த்தாய். நான் இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக் டிஸ்க் இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரிந்தது. அந்த நிறம் எனக்குப் பழக்கம். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். அதற்கு முன்னால், கம்பியை இளக்கக் காய்ச்சும்போது வருகிற சிவப்பு அது. காய்ச்சிய கம்பியைத் தண்ணீரில் போட்டே முப்பது வருஷம் பழகின கை. யோசிக்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டேன்.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். “ஊத்தாதீங்கண்ணா. இது வார்ப்பு இரும்பு, விரிசல் உட்ரும். தானா ஆறட்டும். ஹேண்ட் பிரேக்கும் போட்றாதீங்க, சூட்டோட புடிச்சுக்கும். அதுக்குத்தான் கல்லு.” என் மகன் வயதுதான் உனக்கு இருக்கும்.

வண்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்கும் கூப்பிட்டேன். வெளியூரிலிருந்து வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும், காத்திருப்புக்கு நன்றி என்றார்கள். அந்த நன்றி வேறு, இந்த நன்றி வேறு.

மேலே ஏறி வந்த பஸ் எங்களால் வளைவில் திரும்ப முடியாமல் நின்றது. டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, கோபப்பட அவருக்கு முழு உரிமை உண்டு. கண்டக்டர் இறங்கி, ஒரு கையில் செல்போன் வெளிச்சமும் வாயில் விசிலுமாக அந்த மேகமூட்டத்தில் நின்று இரண்டு பக்கத்து வண்டிகளையும் மாற்றி மாற்றி விட்டார். ஆள் தெரியாது, விசில் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போதும் பஸ் விசில் கேட்டால் எனக்கு அங்கே நிற்கிற மாதிரி இருக்கிறது.

குட்டி யானையின் பின்னால் காபிப் பழம் பறித்துவிட்டு வந்த அம்மாக்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் தூக்குவாளியில் மிச்சமிருந்த சுக்குக் காபி எங்களுக்கு வந்தது. அதில் பெரியவர் ஒருவர் தன் சிவப்புச் சால்வையை எடுத்து என் அம்மாவுக்குப் போர்த்தி, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் கெட்டிப்பட்டது. எனக்குத்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடத் துணிவில்லை. தம்பி, நீ உள்ளே எட்டிப் பார்த்து, “எந்தக் கியர்ல ஏறுமோ அந்தக் கியர்ல இறங்கோணும்ங்கண்ணா. இதுல ரெண்டாம் கியர் எங்க இருக்குது?” என்றாய். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தல் குறி போட்ட ஒரு தகடு இருக்கிறது. எட்டு மாதத்தில் நான் ஒரு தடவை தொட்டதில்லை. இறக்கத்துக்கென்றே ஒரு பொத்தானும் இருந்தது, அதுவும் கன்னி கழியாமல் கிடந்தது! இரண்டாம் கியருக்குத் தள்ளியதும் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக் வேலை பாதிக்கு மேல் மிச்சம்.

அப்புறம் அந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். ஹை பீமை அணைத்து டிம்மில் போடச் சொல்லி, “எங்க சிவப்பு லைட்ட மட்டும் பாத்துட்டு வாங்க அங்கிள்” என்று பைக்கில் முன்னால் போனீர்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று கைகாட்டினீர்கள். அடிவாரம் வந்ததும் நான் நிறுத்தி இறங்குவதற்குள் காணோம்.

டீக்கடை அக்கா போண்டாவுக்குக் காசு வாங்கவில்லை. அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். மறுநாள் ஐந்து ரோடு பக்கம் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் பாய் பழைய பிரேக் ஆயிலை பாட்டிலில் பிடித்துக் காட்டினார், கடுங்காப்பி நிறம். புது ‘டாட் 4’ ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காதாம்; ஈரம் சேரச் சேர அது 155 வரைக்கும் இறங்கிவிடுமாம். “ஆயில் அமுங்காது பாய், கொதிச்சு ஆவியானா அமுங்கும். அதான் பெடல் உள்ள போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்.” விற்றவரும் மாற்றவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை. பிரேக் குழாயில் நின்ற காற்றை எடுத்து, ஆயிலும் பேடும் மாற்றிய கூலி, ஷோரூமில் ஏசி போட்டு உட்கார வைப்பதற்கு வாங்குகிற காசுகூட இருக்காது.

சிவப்புச் சால்வை எங்கள் வண்டியிலேயே வந்துவிட்டது. துவைத்து, அடிவாரம் டீக்கடை அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மடிப்புக்குள் கல்யாணப் பத்திரிகை பத்து இருக்கிறது. தம்பி, கண்டக்டர் அண்ணனுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் நீ பார்த்தால் கொடுத்துவிடு. சால்வைக்காரப் பெரியம்மா, உங்கள் இடது கால் கொலுசில் கொக்கி போய் நூலால் கட்டியிருந்ததைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் கண் அங்கேதான் போனது, தொழில் அப்படி. சால்வை வாங்க வரும்போது கொலுசைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். புதுக் கொக்கி வைத்து, மெருகேற்றி, மறு ஞாயிறு நானே கொண்டுவந்து தருகிறேன். இரண்டாம் கியரில்.