தவணை அடுத்த மாதமே வந்துவிடும், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். நிதானமாகப் படி.

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் தையல் கடை போடப் போவதாகச் சொன்னாய். 60,000 ரூபாய் கடன், மாதம் 3,100 வீதம் 24 மாதம், வட்டி 12 சதவீதம்தான் என்றாய். நீ கடை போடுவது எனக்குச் சந்தோஷம். உன் கைவேலை எனக்குத் தெரியாதா? அந்த 12 சதவீதம்தான் மனசில் ஒட்டவில்லை. நம் மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண்ணிடம் கேட்டேன். மாதாமாதம் உன் அசல் குறைகிறது, கடன் கொடுப்பவர்களோ கடைசி மாதம்வரை முழு 60,000-க்கும் வட்டி போடுகிறார்கள். குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் 22 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று எழுதிக் காட்டினாள். இந்த மாதிரிச் சிறுகடனுக்கு உண்மையான ஆண்டு வட்டியை நமக்குப் புரியும் மொழியில் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கு.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டேன். தண்டலுக்கு 1,000 ரூபாய் வாங்கினேன். பிடித்தம் போகக் கையில் வந்தது 850. தினம் 10 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தால் இட்லி மீந்துபோகும், தண்டல்காரர் மட்டும் வந்துவிடுவார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றிருக்கிறேன்.

அப்புறம்தான் குழுவில் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தொடங்கியதே நம் தர்மபுரியில்தான். 15 பேர், ஆளுக்கு மாதம் 50 ரூபாய் சேமிப்பு. எனக்குக் கிடைத்த முதல் கடன் 3,000. ஒரு பெரிய இட்லிப் பானை, ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி. கிரைண்டர் ஆசை இருந்தது, வாங்கவில்லை. ஒரு வருடம் ஆட்டுக்கல்லில்தான் ஆட்டினேன். முதல் கடனை அடைத்த பிறகுதான் கிரைண்டர் வந்தது.

ஆனால் ஒன்று, இட்லிக்கு அன்றைக்கே காசு. தையல் அப்படி இல்லை. துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், ரவிக்கையை வாங்கும்போதுதான் காசு, அதிலும் பாதிப் பேர் "அடுத்த வாரம் தருகிறேன்" என்பார்கள். தீபாவளி, பொங்கல், பள்ளி திறக்கும் ஜூன், முகூர்த்த மாதங்கள் என்றால் ராத்திரியும் மெஷின் ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வேலையும் இருக்காது. தவணைக்கு ஆடி மார்கழி கிடையாது. கடன் வாங்கின அடுத்த மாதமே வந்து நிற்கும். உன் கடைக்கு நாலு பேர் பழகவே ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள். அதுவரை 3,100-க்கு எங்கே போவாய்?

நம் தெருக்கோடி அக்கா ஆடு வாங்கக் கடன் எடுத்தாள். அந்தப் பணம் பேரனின் காதுகுத்துக்குப் போய்விட்டது. அதை அடைக்க இன்னொரு கடன், அதற்கும் மேலே ஒன்று. போன வருடம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவள் இன்னும் திரும்பவில்லை. நல்லவள், கண்ணு. அவளுக்காக நான் அழுதிருக்கிறேன்.

அதனால் வேலையை உடனே விடாதே. செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று வாங்கு. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் தைத்துப் பார். மாதம் 3,100 தனியாக நிற்கிறதா என்று நோட்டில் எழுது. நின்றால் அப்புறம் பெரிய மெஷின். அதற்கும் முதலில் வங்கியில் முத்ரா கேள், சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன் அது. 50,000 வரை 'சிசு' கடன், அடமானம் வேண்டாம். ஒரு கிளையில் இல்லை என்றால் இன்னொரு கிளைக்குப் போ, கூச்சப்படாதே.

மாப்பிள்ளையின் பைக் தவணையையும் கணக்கில் சேர். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த ரிசர்வ் வங்கி விதிதான். என்னைக் கேட்டால் பாதியே அதிகம். உன் பெயரில் எடுக்கும் கடனில் வேறு யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே, அது உன் தம்பியாகவே இருந்தாலும்.

என் சீட்டு இந்த மாதம் முடிகிறது. அதில் 9,300 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறேன், மூன்று தவணைக்கு ஆகும். அடுத்த ஞாயிறு வரும்போது அந்தத் தாளையும் நோட்டையும் கொண்டு வா. உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அம்மா